யார் தோளில் எந்தச் சுமை: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லையில் அரசு–தனியார் கூட்டாண்மை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது வேப்பனப்பள்ளி. ஒருபுறம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், மறுபுறம் ஆந்திரத்தின் குப்பம் பகுதி. கர்நாடகத்தில் பிறக்கும் மார்க்கண்டேய நதி இவ்வழியே வந்துதான் தென்பெண்ணையில் சேர்கிறது. சந்தைக்கு வருபவர்களின் பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தே ஒலிக்கும். மாமரத் தோப்புகளும் மானாவாரி நிலங்களும் கொண்ட இந்த ஊரிலிருந்து குருபரப்பள்ளிக்கு இறங்கினால் பெங்களூரு நெடுஞ்சாலை. அங்கிருந்து மேற்கே சூளகிரி, ஓசூர்; கிழக்கே கிருஷ்ணகிரி.

அரசும் தனியாரும் சேர்ந்து தொழில் செய்வதற்கு இந்தியாவில் கையாளப்பட்ட ஏறத்தாழ எல்லா முறைகளையும் இந்த ஒரு வட்டாரத்திலேயே பார்க்கலாம். ஓசூரில் டைட்டன் ஆலை: மாநில அரசுக் கழகமும் டாடா குழுமமும் பங்குதாரர்கள். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிகள்: அரசின் சாலையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியார் விரிவாக்கி, பராமரித்து, கட்டணம் வசூலிக்கும் முறை. சிப்காட் வளாகங்கள்: அரசு நிலம் எடுத்துத் தர, தனியார் ஆலை கட்டும் முறை. இவற்றோடு ஓசூர் விமான நிலையம் என்ற திட்டமும் உண்டு. இன்னும் ஓடுபாதைக்கு அடிக்கல்கூட நாட்டப்படவில்லை. ஆனால் அதன் விதியை 2004இல் கையெழுத்தான வேறொரு கூட்டாண்மை ஒப்பந்தம் பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் இத்தகைய கூட்டாண்மைகள் வளர்வதும் தேய்வதும் எதனால்? அரசின் நிதி நெருக்கடி, சட்டம், வங்கிக் கடன், நிலம், பயனாளரின் செலுத்தும் திறன் என்று பாடநூல்கள் பட்டியல் தரும். பட்டியலில் பிழையில்லை. ஆனால் ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தின் 50 ஆண்டு அனுபவத்தை நெருங்கிப் பார்த்தால், அவை அனைத்தும் ஒரே கேள்வியில் வந்து குவிகின்றன. எதிர்பாராதது நடந்தால் அதன் சுமை யார் தோளில் விழும் என்பதைக் கையெழுத்திடும் நாளிலேயே கணக்கிட்டு எழுதும் திறனும், எழுதியபடி நடக்கிறதா என்று பல பத்தாண்டுகள் காவல் இருக்கும் திறனும் அரசுக்கு இருக்கிறதா? அந்தத் திறன் இருந்த இடத்தில் கூட்டாண்மை பலித்திருக்கிறது. இல்லாத இடத்தில் பணமும் சட்டமும் இருந்தும் தடுமாறியிருக்கிறது.

பங்குதாரராக அரசு

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ 1965இலும், தொழில் வளாகங்களை அமைக்கும் சிப்காட் 1971இலும் தொடங்கப்பட்டன. அன்றைய தர்மபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குரிய மானியங்களும், ஒரு மணி நேரத் தொலைவில் பெங்களூரின் பொறியியல் தொழிலாளர்களும் உதிரிபாகச் சந்தையும் இருந்ததால், சிப்காட் தன் முதல் வளாகங்களில் ஒன்றை ஓசூரில் அமைத்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் 1980ஐ ஒட்டி இங்கே வந்தன.

டைட்டனின் பிறப்பு இதே காலத்தைச் சேர்ந்தது. பெரும் தொழில் குழுமங்களின் கையில் உரிமங்கள் குவிவதை ஆராய்ந்த சுபிமல் தத் குழு, 1969இல் ‘கூட்டுத்துறை’ என்ற யோசனையை முன்வைத்தது. அரசும் தனியாரும் ஒரே நிறுவனத்தில் பங்கு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலத் தொழில் கழகங்கள் இதை ஒரு வாய்பாடாகவே மாற்றிக்கொண்டன: கழகத்துக்கு 26 சதவீதம், தனியார் முனைவோருக்கு 25 சதவீதம், மீதி பொதுமக்களுக்கு. அதே 1969இல் வந்த ஏகபோகத் தடைச் சட்டம் டாடா போன்ற பெரிய குழுமங்களின் புதிய முயற்சிகளுக்குக் கடிவாளம் போட்டிருந்தது. மாநிலக் கழகத்தோடு கைகோத்தால் அந்தத் தடையைக் கடப்பது எளிதாயிற்று. 1984இல் டைட்டன் வாட்ச்சஸ் லிமிடெட் பதிவானது. சில ஆண்டுகளில் ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வெளிவந்தன. பக்கத்திலேயே பெங்களூரில் மத்திய அரசின் எச்.எம்.டி. கடிகாரச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவு நலிந்து மூடப்பட்டது. டைட்டன் நகைத்தொழிலிலும் இறங்கி நாட்டின் பெரிய நுகர்பொருள் நிறுவனங்களில் ஒன்றாயிற்று. டிட்கோவின் கையில் இன்றும் 27.88 சதவீதப் பங்கு இருக்கிறது. டாடா குழுமத்தின் பங்கைவிடச் சற்று அதிகம். அந்தப் பங்கின் சந்தை மதிப்பு பல பத்தாயிரம் கோடி ரூபாய். ஆலையை நடத்தும் பொறுப்பை டாடாவிடம் விட்டுவிட்டு, பங்கை விற்காமல் வைத்திருந்ததன் விளைவு இது.

இந்த ஏற்பாட்டில் சுமை பகிரப்பட்ட விதம் எளிமையானது. நிறுவனம் நொடித்தால் இருவரும் இழப்பார்கள். செழித்தால் இருவரும் பெறுவார்கள். பின்னால் பேரம் பேச வேண்டியதில்லை, அளவுகோல் பற்றிய வழக்கில்லை. அதேசமயம் இதைப் பொதுவிதியாக்கிவிட முடியாது. டிட்கோவே பங்குகொண்ட தூத்துக்குடி ஸ்பிக் உர நிறுவனம் 2000களில் கடன் சுமையில் அழுந்தியது. கூட்டுத்துறை, கடிகாரம் போன்று போட்டிச் சந்தையில் விற்கும் பொருளுக்குப் பொருந்தும். சாலைக்கும் குடிநீருக்கும் பொருந்தாது. சாலையில் போட்டி இல்லை. விலையை நிர்ணயிப்பது சந்தை அன்று, ஒப்பந்தம்.

நெடுஞ்சாலையில் எழுதப்பட்ட விலை

1991க்குப் பின் மத்திய அரசின் கையில் பெருந்திட்டங்களுக்குப் பணம் இல்லை. 1995இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, தனியார் சாலை அமைத்துக் கட்டணம் வசூலிக்க வழி திறந்தது. தங்க நாற்கரச் சாலையின் சென்னை–பெங்களூரு பகுதி கிருஷ்ணகிரி வழியே செல்கிறது. அங்கே அதிலிருந்து பிரிந்து வடக்கு–தெற்குச் சாலை சேலத்துக்கு இறங்குகிறது. இந்தச் சந்திப்பினால் கிருஷ்ணகிரியைச் சுற்றிலும் மூன்று தனியார் உரிமச் சாலைகள் உருவாயின. ஓசூர்–கிருஷ்ணகிரி 59.87 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை, 24 ஆண்டு உரிமம், ரிலையன்ஸ் இன்ஃப்ரா. கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டை சுமார் 148 கிலோமீட்டர், 30 ஆண்டு உரிமம், எல் அண்ட் டி. கிருஷ்ணகிரி–தொப்பூர், 20 ஆண்டு உரிமம், அதுவும் எல் அண்ட் டி.

இவற்றில் முதல் இரண்டும் 2006இல் ஒப்புதல் பெற்ற ஆறுவழித் திட்டத்தைச் சேர்ந்தவை. அத்திட்டத்தின் அமைப்பே ஒரு பாடம். நான்குவழிச் சாலை முன்பே இருந்தது. எனவே ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனம் கட்டணம் வசூலிக்கலாம். விரிவாக்கப் பணி உடன் நடக்கும். ஏலத்தில் நெடுஞ்சாலை ஆணையத்துக்கு அதிகத் தொகை தர முன்வந்தவருக்கே சாலை. நாட்டின் வளர்ச்சி வேகம் குறையாது என்ற நம்பிக்கையில் பல நிறுவனங்கள் கைமீறிய தொகை சொல்லி ஏலம் எடுத்தன. வளர்ச்சி சரிந்து, லாரிகள் குறைந்ததும் சொன்ன தொகையைக் கட்ட முடியாமல் நாடெங்கும் தவணை கேட்டு நின்றன. 2014இல் மத்திய அரசு அத்தொகையைத் தள்ளிக் கட்ட அனுமதித்தது. ஏலத்தில் நிதானமாகக் கேட்டுத் தோற்றவர்களுக்கு இது அநீதி என்ற குரல் அப்போதே எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. பின்னால் சலுகை கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த ஏலத்திலும் மிகையாகக் கேட்பவரே வெல்வார்.

கட்டணமோ சரியாமல் ஏறிக்கொண்டே இருந்தது. 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகளின்படி ஆண்டுதோறும் 3 சதவீதம் நிச்சயம் உயரும். அதோடு மொத்த விலைக் குறியீட்டின் உயர்வில் 40 சதவீதமும் சேரும். நிறுவனத்தின் வருமானத்துக்கு ஒப்பந்தம் இப்படி அரண் கட்டியிருக்கிறது. பயணிக்கு என்ன அரண்? அதே விதிகள், நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி கூடாது என்கின்றன. கூடவே, காரணம் எழுதி வைத்துவிட்டு அந்தத் தூரத்தைக் குறைக்கவும் இடம் தருகின்றன. ஓசூர் சாலையின் சுங்கச்சாவடி கிருஷ்ணகிரி நகரின் விளிம்பிலேயே நிற்கிறது. குருபரப்பள்ளி வழியாக வேப்பனப்பள்ளியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வரும் வாகனமும், பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் லாரியும் ஒரே வாயிலைக் கடக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்த வாகனங்களுக்கு மாதாந்திரப் பாஸ் உண்டு. என்றாலும் ‘டோல்கேட்டை வேறு இடத்துக்கு மாற்று’ என்ற கோரிக்கை இங்கே பல ஆண்டுகளாக ஓயவில்லை.

கோரிக்கை நியாயமாக இருக்கலாம்; ஆனால் சாவடியை நகர்த்தினால் வருமானக் கணக்கு மாறும், நிறுவனம் இழப்பீடு கேட்கும், ஆணையம் தயங்கும். உள்ளூர்க்காரரின் தினசரிப் பயணம் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது கணக்கில் வராத ஒன்று. அவர் கையெழுத்திட்ட தரப்பும் இல்லை. தென்மாநிலங்களில் நெடுஞ்சாலை ஆணையத்தின் சுங்க வசூலை ஆராய்ந்து இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் 2023இல் வெளியிட்ட அறிக்கை, விரிவாக்கப் பணி தாமதமான இடங்களிலும் பயணிகளிடம் கட்டணம் வாங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. தாமதத்தின் சுமை தவறான தோளில் விழுந்தது என்பதற்கு அரசின் சொந்தத் தணிக்கையே சாட்சி.

கடன் கொடுத்தவர்கள்

கூட்டாண்மையின் வேகத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு காரணி, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது: கடன். சாலை நிறுவனம் தன் கையிலிருந்து போடும் பணம் சிறிது. மீதி வங்கிக் கடன். வங்கியின் வைப்புத்தொகைகள் ஓரிரு ஆண்டுகளில் முதிர்பவை; சாலைக்கடனோ 15 ஆண்டுகள் கழித்துத் திரும்புவது. இந்தப் பொருத்தமின்மையோடு 2000களின் இறுதியில் பொதுத்துறை வங்கிகள் தாராளமாகக் கடன் தந்தன. 2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் வாராக்கடன் மொத்தக் கடனில் சுமார் 11 சதவீதத்தைத் தொட்டது. உள்கட்டமைப்புக்கு நிதி திரட்டவென்றே பிறந்த ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். அதே ஆண்டு செப்டம்பரில் தவணை கட்டத் தவறி வீழ்ந்தது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சுங்கச் சாலையாக்க டிட்கோவோடு சேர்ந்து தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது அந்நிறுவனம்தான். திருப்பூர் குடிநீர்த் திட்டத்தின் பின்னாலும் அதுவே இருந்தது.

பாடம் கற்ற மத்திய அரசு 2016இல் கலப்பு ஆண்டுத்தொகை முறைக்கு மாறியது. கட்டுமானக் காலத்திலேயே செலவில் 40 சதவீதத்தை அரசு தரும். மீதியை நிறுவனம் போட்டு, பல ஆண்டுகளில் நிச்சயத் தவணையாகத் திரும்பப் பெறும். கட்டண வசூலும், வாகனம் குறையும் அபாயமும் அரசுடையவை. வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, ஆந்திர–கர்நாடக எல்லைகளைக் கடந்து போகும் 262 கிலோமீட்டர் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலையின் தொகுப்புகள் பலவும் இந்த முறையில் அமைபவை. அந்த விரைவுச்சாலை கிருஷ்ணகிரியைத் தொடாமல் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 30 ஆண்டு வாகன எண்ணிக்கையை நம்பி ஏலம் எடுத்த வாலாஜாபேட்டைச் சாலைக்கு அது போட்டிச் சாலை. இரண்டையும் உருவாக்கியது ஒரே ஆணையம்.

கட்டி முடித்த சாலைகளைக் கைமாற்றும் வழியும் பிறந்தது. 2018இல் எல் அண்ட் டி தன் கிருஷ்ணகிரி–தொப்பூர், கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டைச் சாலைகளை ‘இண்டின்ஃப்ராவிட்’ என்ற முதலீட்டு அறக்கட்டளைக்கு மாற்றியது. அதில் பணம் போட்டவர்கள் கனடாவின் ஓய்வூதிய நிதி வாரியமும் ஜெர்மனியின் அலையன்ஸும். 20 ஆண்டு காத்திருந்து சிறுகச் சிறுகப் பெறுவது ஓய்வூதிய நிதிக்குப் பொருத்தமான முதலீடுதான். வங்கிகள் செய்திருக்கக்கூடாத வேலையை அது செய்கிறது. ஆனால் கிருஷ்ணகிரியில் ஒரு குழி மூடப்படாவிட்டால் யாரைக் கேட்பது என்ற கேள்வி மேலும் நீண்ட பாதையில் போகிறது. உரிமையாளர் தொலைவானால் கண்காணிப்பாளர் அருகில் இருக்க வேண்டும்.

தேவை பொய்த்தால்

குடிநீரில் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. தமிழ்நாடு இதில் முன்னோடி. 1996இல் உலக வங்கியின் துணையோடு, தனியார் நிதி நிறுவனங்களையும் சேர்த்து, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உருவாயிற்று. திருப்பூரில் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் 1,023 கோடி ரூபாயில், காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் திட்டத்தைத் தனியார் முதலீட்டோடு நிறைவேற்றியது. கணக்கு எளிது: சாயப்பட்டறைகள் அதிக விலைக்கு வாங்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மலிவாகத் தரலாம். பட்டறைகள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் கட்டாயம் வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பெரிய வாடிக்கையாளரே இல்லாமல் போனதும், கடன் மறுசீரமைப்பும் அரசின் உதவியும் இன்றித் திட்டம் நிற்க முடியவில்லை. குழாயும் பம்பும் நன்றாகவே வேலை செய்தன. தேவை பற்றிய ஊகம்தான் பொய்த்தது.

அதே காலத்து ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டம் வேறுவிதமாகப் போனது. குழாய் பதிக்கும் முன்பே நகராட்சி வீடுவீடாகப் பேசி, இணைப்புக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கியது. தேவை இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை ஒப்பந்தம் போடும் முன்பே கையில் ரொக்கமாக வந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கினர். பயனாளரைத் தொடக்கத்திலேயே ஒரு தரப்பாக ஆக்கியதுதான் இங்கே வித்தியாசம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தமிழ்நாடு கூட்டாண்மையைத் தேடவே இல்லை. இப்பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட கிராமங்கள் பல. சுமார் 1,929 கோடி ரூபாயில், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனோடு, குடிநீர் வடிகால் வாரியமே நிறைவேற்றிய திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. செலவை ஈடுகட்டும் அளவுக்கு விலை வைக்க முடியாத, வைக்கவும் கூடாத சேவை அது. கூட்டாண்மை வேண்டாம் என்று எங்கே சொல்வது என்பதும் இந்தத் துறையின் அறிவில் ஒரு பகுதி.

தேவை பற்றிய ஊகம் பொய்த்தால் என்ன செய்வது என்பதற்கு உலகில் விடைகள் உண்டு. சிலி நாடு 1998இல் சாந்தியாகோ–வால்பராய்சோ சாலையை ஏலம் விட்டபோது உரிமக் காலத்தை ஆண்டுகளில் குறிக்கவில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன மொத்த வருமானம் கைக்கு வந்ததும் உரிமம் முடியும். வாகனம் குறைந்தால் காலம் நீளும், கூடினால் சுருங்கும். இந்தியாவின் மாதிரி ஒப்பந்தத்திலும், எதிர்பார்த்த வாகன எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமக் காலத்தை ஓரளவு நீட்டவும் குறைக்கவும் விதி இருக்கிறது. நீட்டக் கேட்க நிறுவனம் இருக்கிறது. குறைக்கச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும். வாகனத்தை எண்ணும் வேலையில் அரசு அக்கறை காட்டாவிட்டால் அந்த விதி ஒருபக்கம் மட்டுமே இயங்கும்.

நிலத்தை எடுப்பவர் யார்

தனியார் முதலீட்டாளர் அஞ்சுவது வட்டியைவிட நிலத்துக்கு. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், கூட்டாண்மைத் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதத்தினரின் சம்மதம் வேண்டும் என்றது. முழுக்கத் தனியார் திட்டமானால் 80 சதவீதம். தமிழ்நாடு தன் 1997ஆம் ஆண்டின் தொழில்துறை நிலமெடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு பெற்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அந்த விலக்கைச் செல்லாது என்றது. மாநிலம் உடனே புதிய சட்டம் இயற்றியது; 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இதனால் சிப்காட் நிலமெடுக்கும்போது மத்தியச் சட்டத்தின் சம்மத நிபந்தனை குறுக்கே வருவதில்லை.

இதன் பலனை முதலீட்டாளர் தெளிவாகவே காண்கிறார். குருபரப்பள்ளியில் டெல்டா, போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக், ஓசூரை அடுத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் வரிசையாக வந்ததற்கு, தயாராக இருந்த நிலம் பெரிய காரணம். அதன் விலையை உழவர் செலுத்துகிறார். சூளகிரியை அடுத்த உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் உழவர்கள் பல மாதம் போராடினார்கள். காய்கறியும் பூவும் விளையும் பாசன நிலத்தைத் தவிர்த்துவிட்டு வேறு இடம் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். சம்மதம் கேட்கும் கட்டம் சட்டத்தில் நீக்கப்பட்டால் எதிர்ப்பு மறைந்துவிடாது. தாசில்தார் அலுவலக வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவே. அங்கே வரும் தாமதத்துக்கு எந்த ஒப்பந்தத்திலும் கணக்கு இருக்காது.

அடுத்த மாநிலத்தில் எழுதிய ஒரு விதி

2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என்று அறிவித்தார். ஆராயப்பட்ட இடங்களில் சூளகிரி வட்டாரமும் ஒன்று. திட்டத்துக்குத் தேவை இருக்கிறது: பெங்களூரு விமான நிலையம் ஆண்டுக்கு 4 கோடி பயணிகளைத் தாண்டிவிட்டது, அது இருக்கும் தேவனஹள்ளிக்கு ஓசூரிலிருந்து போக முழு நகரத்தின் நெரிசலையும் கடக்க வேண்டும்.

தடை 2004 ஜூலையில் கையெழுத்தான தாள்களில் இருக்கிறது. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் பெங்களூரு சர்வதேச விமான நிலைய நிறுவனமும் செய்துகொண்ட உரிம ஒப்பந்தத்தின்படி, அந்நிலையம் திறந்த நாளிலிருந்து 25 ஆண்டுகள்வரை, வான்வழித் தொலைவில் 150 கிலோமீட்டருக்குள் வேறு விமான நிலையம் வளர்க்கக் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. நிலையம் 2008 மே மாதம் திறந்தது. எனவே தடை 2033வரை. ஓசூரும் வேப்பனப்பள்ளியும் தேவனஹள்ளியிலிருந்து 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஓசூர் விமான நிலையக் கோரிக்கைகளுக்கு மத்திய அமைச்சகம் இந்த விதியையே பதிலாகச் சொல்லி வந்திருக்கிறது.

அந்த விதி ஏன் எழுதப்பட்டது என்பதற்கும் காரணம் உண்டு. 2004இல் இந்தியாவில் தனியார் விமான நிலைய அனுபவம் கொச்சியைத் தாண்டி அதிகம் இல்லை. சீமென்ஸ், எல் அண்ட் டி, சூரிச் விமான நிலையம் ஆகியவை 74 சதவீதப் பங்கு எடுத்தன. இந்திய விமான நிலைய ஆணையமும் கர்நாடக அரசுக் கழகமும் தலா 13 சதவீதம். பக்கத்தில் இன்னொரு நிலையம் வந்துவிட்டால் போட்ட பணம் என்னாகும் என்ற அச்சத்துக்கு மருந்தாக வந்ததே 150 கிலோமீட்டர் வளையம். இதே ஒப்பந்தத்தின் பேரில் பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். நிலையம் பயணிகள் சேவைக்கு மூடப்பட்டபோது 2008இல் நகரமே எதிர்த்துக் குரல் கொடுத்தது. ஹைதராபாத் ஒப்பந்தத்திலும் இதுபோன்ற வளையம் உண்டு.

தொடக்கத்தில் பாதுகாப்பு தேவைதான். கேள்வி அதன் அளவு பற்றியது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பயணிகள் வந்தால் வளையம் தானே விலக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பயணிகள் எண்ணிக்கை இவ்வளவைத் தாண்டினால் தடை காலாவதி என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதாததால், வெற்றியடைந்த பின்னும் அச்சக் காலத்தின் காப்பு தொடர்கிறது. இன்று கர்நாடக அரசே பெங்களூருக்கு இரண்டாவது நிலையம் தேடும்போது அதே 2033ஐ எண்ணித்தான் திட்டமிடுகிறது. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாத தமிழ்நாட்டின் நிலைமை இன்னும் சிக்கலானது. மத்திய அரசு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்த வாக்கு, தமிழ்நாட்டு மண்ணில் 25 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகிறது; மாநிலத்திடம் யாரும் கேட்கவில்லை, இழப்பீடும் இல்லை. கூட்டாட்சி நாட்டில் கூட்டாண்மையை வடிவமைக்கும் காரணிகளில் இது அதிகம் பேசப்படாதது. எல்லை மாவட்டங்கள்தான் அதை முதலில் உணர்கின்றன.

அரசு அறிய வேண்டியது

அரசு–தனியார் கூட்டாண்மையின் தொட்டில் என்று பேசப்பட்ட பிரிட்டனே 2018இல், கேரிலியன் நிறுவனம் திவாலான ஆண்டில், தனியார் நிதி முறையைப் புதிய திட்டங்களுக்குக் கைவிட்டது. இந்தியாவில் 2015இல் விஜய் கேல்கர் குழு, கூட்டாண்மை தொடர வேண்டும், ஆனால் அபாயங்களைப் பிரிக்கும் விதமும் மறுபேரத்துக்கான நெறிகளும் துறைசார்ந்த சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்புகளும் தேவை என்றது. நல்லெண்ணத்தோடு முடிவெடுத்த அதிகாரியும் பின்னாளில் விசாரணைக்கு அஞ்ச வேண்டியிருப்பதால், தவறென்று தெரிந்த ஒப்பந்தங்கள்கூடத் திருத்தப்படாமல் கிடக்கின்றன என்பதை அது வெளிப்படையாகவே சொன்னது. தமிழ்நாடு 2012இல் உள்கட்டமைப்பு வளர்ச்சிச் சட்டம் இயற்றி, அதற்கென ஒரு வாரியத்தையும் அமைத்திருக்கிறது. கட்டமைப்பு இருக்கிறது. அதில் பொறியாளரும் நிதியறிந்தவரும் வழக்கறிஞரும் ஓர் ஆட்சிக்காலத்துக்கு மேல் நிலைத்து, பழைய ஒப்பந்தங்களின் நடப்பைத் தொடர்ந்து படித்துவந்தால்தான் அடுத்ததைச் சரியாக எழுத முடியும்.

ஓசூர் விமான நிலையம் 2033க்கு முன் இணக்கத்தால் வந்தாலும், பின்னால் வந்தாலும், தமிழ்நாடு அதற்காக ஒரு தனியார் நிறுவனத்தோடு கையெழுத்திடும் நாள் வரும். அந்த ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம். டைட்டனில் போல, மாநிலம் விற்காமல் வைத்திருக்கும் பங்கு இருக்கிறதா? பயணிகள் எண்ணிக்கை கணிப்பை மீறினால் உரிமக் காலமோ போட்டித் தடையோ தானாகச் சுருங்குமா? நிலம் கொடுத்த சூளகிரி, ஓசூர் உழவர்களுக்கு ஒருமுறை இழப்பீட்டைத் தாண்டி ஏதேனும் தொடர்வரவு எழுதப்பட்டிருக்கிறதா? முழு ஒப்பந்தமும் மாவட்ட மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியாகுமா? நான்குக்கும் ஆம் என்றால், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் தேவனஹள்ளி வளையத்திலும் பெற்ற அனுபவம் வீணாகவில்லை என்று சொல்லலாம். இல்லையென்றால், இந்த வட்டாரத்தின் அடுத்த பல பத்தாண்டுகளை இன்னொரு முறை வேறு யாரோ எழுதிவிட்டார்கள் என்று பொருள்.